மூட்டில் சத்தம் வருகிறதா? நெட்டி முதல் முழங்கால் நறநறப்பு வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உட்கார்ந்து எழுந்தால் முழங்காலில் 'மளுக்', கழுத்தைத் திருப்பினால் 'கறகற', கையை உதறினால் 'சடக்'. இந்தச் சத்தத்துக்குப் பயந்து படி ஏறுவதையே விட்டுவிட்டவர்கள் இருக்கிறார்கள். வீங்கிப் பூட்டிக்கொள்ளும் முழங்காலுக்கு மாதக்கணக்கில் தைலம் தேய்த்துக்கொண்டு இருப்பவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பாரும் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் இங்கே.

விரலை நெட்டி முறிக்கும்போது முறிவது எது?

எதுவும் முறிவதில்லை. எலும்பும் எலும்பும் இடித்துக்கொள்வதும் இல்லை.

விரல் மூட்டு ஒரு மூடிய பை. அதற்குள் முட்டையின் வெள்ளைக்கரு போல வழவழப்பான திரவம் கொஞ்சம் இருக்கிறது. அதில் வாயு கரைந்திருக்கிறது, பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடு. விரலை இழுக்கும்போதோ மடக்கி அழுத்தும்போதோ இரண்டு எலும்பு முனைகளும் சட்டென்று விலகுகின்றன. பைக்குள் அழுத்தம் இறங்குகிறது. கரைந்திருந்த வாயு வெளியே வந்து ஒரு குமிழாகிறது. கோலி சோடாவில் கோலியை உள்ளே தள்ளியதும் அழுத்தம் விடுபட்டு, அதுவரை கண்ணுக்குத் தெரியாத வாயு நுரைத்துக் கிளம்புகிறதே, அதே கதைதான்.

குமிழ் பிறக்கும்போது சத்தம் வருகிறதா, உடையும்போது வருகிறதா என்பதில்தான் நீண்ட விவாதம். 1947இல் லண்டனில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தவர்கள், குமிழ் உருவாகும்போது என்றார்கள். 1971இல் இங்கிலாந்தின் லீட்ஸ் ஆய்வாளர்கள், குமிழ் சுருங்கி உடையும்போது என்றார்கள். 2015இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில், எம்.ஆர்.ஐ. கருவிக்குள் விரலைக் கம்பியால் மெல்ல இழுத்துப் படம் பிடித்தார்கள். 310 மில்லி விநாடிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சத்தம் வந்த பிறகும் வாயு நிரம்பிய வெளி மூட்டுக்குள் அப்படியே தெரிந்தது. 2018இல் வந்த ஒரு கணித மாதிரி, குமிழ் முழுதாக உடைய வேண்டாம், ஓரளவு சுருங்கினாலே அந்த அளவு சத்தம் வரும் என்று காட்டியது. இழுபறி இன்னும் முடியவில்லை. ஆனால் சத்தத்துக்குக் காரணம் வாயுக் குமிழ் என்பதில் இரு பக்கத்தாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

ஒருமுறை முறித்த விரல் உடனே மறுபடி முறிவதில்லையே, ஏன்?

வெளியே வந்த வாயு மறுபடி திரவத்தில் கரைய வேண்டும். அதற்குச் சுமார் 20 நிமிடம் ஆகும். அதுவரை எவ்வளவு இழுத்தாலும் சத்தம் வராது.

இந்த 20 நிமிடத்தை நினைவில் வையுங்கள், வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனைக்கு இது போதும். ஒருமுறை 'சடக்' என்று விட்டு அப்புறம் கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தால், அது வாயு. மடக்கும்போதெல்லாம், பத்து முறை மடக்கினால் பத்து முறையும் வந்தால், அது வாயு அல்ல. ஏதோ ஒன்று இன்னொன்றின் மேல் உரசுகிறது அல்லது வழுக்கித் தாண்டுகிறது.

திருஷ்டி கழிக்கும்போது பாட்டிக்குப் பத்து விரலும் முறிகிறதே, அவ்வளவு கண்ணா?

குழந்தையின் கன்னத்தை வழித்து, மடக்கிய விரல்களைத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்தும்போது, விரலடி மூட்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் வளைகின்றன. எத்தனை முறியும் என்பது பாட்டியின் மூட்டு எவ்வளவு தளர்வு, கடைசியாக முறித்து எவ்வளவு நேரமாயிற்று என்பதைப் பொறுத்தது. முதல் பேரனுக்குப் படபடவென்று முறிந்த விரல் அடுத்த நிமிடமே இரண்டாவது பேத்திக்கு முறியாது. அந்த அன்பான பழக்கத்தால் பாட்டியின் மூட்டுக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை. விரல் முட்டி வீங்கி வலிக்கும் பாட்டியாக இருந்தால் மட்டும், அழுத்தாமல் வழித்துவிட்டு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

நெட்டி முறித்துக்கொண்டே இருந்தால் மூட்டுவாதம் வருமா?

வருவதாக ஆதாரம் இல்லை. அமெரிக்க மருத்துவர் டொனால்ட் உங்கர் தன் இடக்கை விரல்களை மட்டும் தினமும் இரண்டு முறையாவது முறித்து, வலக்கையை விட்டுவைத்தார். ஐம்பது ஆண்டு கழித்து 1998இல் எழுதினார்: இரண்டு கையிலும் மூட்டுவாதம் இல்லை, வித்தியாசமும் இல்லை. 2009இல் இதற்கு, முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு கிடைத்தது. ஒரே ஆள் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனால் 2011இல் 215 பேரின் கை எக்ஸ்ரேக்களை ஒப்பிட்டபோதும், முறிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்குத் தேய்மானம் கூடுதலாக இல்லை.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 1990இல் 300 பேரைப் பார்த்த ஓர் ஆய்வில், பழக்கமாக முறிப்பவர்களிடம் கை வீக்கமும் பிடிவலுக் குறைவும் அதிகம் காணப்பட்டன. 2017இல் அல்ட்ராசவுண்ட் வைத்துச் செய்த ஆய்வில் அப்படி எதுவும் தெரியவில்லை.

எங்கள் கருத்து இதுதான்: தானாக விரலை மடக்கி முறிப்பது பரவாயில்லை. பக்கவாட்டில் முறுக்குவதும், அடுத்தவர் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுப்பதும் வேண்டாம். அதில் கெடுவது குமிழ் அல்ல, மூட்டைத் தாங்கும் நார்.

முழங்காலில் மட்டும் மடக்கும்போதெல்லாம் நறநறவென்று வருகிறது. தேய்ந்துவிட்டதா?

முதலில் கையை வைத்துப் பாருங்கள். நாற்காலியில் உட்கார்ந்து, உள்ளங்கையை முழங்கால் சில்லின் மேல் லேசாக வையுங்கள். காலை மெல்ல நீட்டி, மெல்ல மடக்குங்கள். ஐந்து முறை. அழுத்த வேண்டாம், கை வெறுமனே படிந்திருந்தால் போதும்.

மெல்லிய மணலைத் தாளில் தேய்ப்பதுபோல் கைக்குத் தட்டுப்படுகிறதா? வலி இல்லையா? அப்படியானால் அது பெரும்பாலும் சில்லின் பின்பக்கக் குருத்தெலும்பு தொடை எலும்பின் பள்ளத்தில் ஓடும் உரசல். இருபது வயதுக்காரர்களிடமே இது சாதாரணம். ஒரே இடத்தில், ஒரே கோணத்தில் ஒரு 'டக்' மட்டும் வந்தால், ஒரு தசைநாணோ மடிப்போ எலும்பு மேட்டைத் தாண்டுகிறது. வலி இல்லாவிட்டால் அதையும் விட்டுவிடலாம். சரளைக்கல் ஓடுவதுபோல் கரடுமுரடாக, அடுத்த அறைக்குக் கேட்கும் அளவுக்கு, கூடவே வலியும் இருந்தால்தான் தேய்மானத்தை நினைக்க வேண்டும். வயது ஐம்பதைத் தாண்டி, காலையில் எழுந்ததும் அரை மணிக்குள் சரியாகிவிடும் விறைப்பு, மூட்டைச் சுற்றி எலும்பு தடித்திருப்பது ஆகியவையும் சேர்ந்தால் சந்தேகம் பலமாகிறது.

அமெரிக்காவில் 3,495 பேரைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், எப்போதும் சத்தம் கேட்பதாகச் சொன்னவர்களுக்குப் பின்னாளில் வலியுடன் கூடிய தேய்மானம் வரும் வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தது. அப்படி வலி வந்தவர்களில் பெரும்பாலோருக்கு எக்ஸ்ரேயில் தேய்மானம் முன்பே இருந்தது. அதனால் ஐம்பது வயதுக்கு மேல் ஓயாமல் வரும் நறநறப்பைத் தொடை வலுவைக் கூட்டவும் எடையைப் பார்க்கவும் ஒரு நினைவூட்டலாக எடுத்துக்கொள்ளுங்கள். நடையை நிறுத்தக் காரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

'மூட்டில் எண்ணெய் வற்றிப்போச்சு', 'வாய்வு இறங்கிடுச்சு' என்கிறார்களே?

நல்ல முழங்காலிலேயே திரவம் சில மில்லிலிட்டர்தான் இருக்கும், ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு. அது வற்றிப்போவதில்லை, உடல் ஊறவைத்துக்கொண்டே இருக்கிறது. தேய்மானத்தில் அதன் கொழகொழப்பு குறைகிறது, அளவு பல நேரம் கூடவே செய்கிறது. 'நீர் கோத்திருக்கு' என்பது அதுதான். ஆக, சத்தம் வருவது எண்ணெய் இல்லாத கீல் கதவு கிறீச்சிடுவதுபோல் என்ற படம் சரியல்ல.

மூட்டிலுள்ள வாயுவும் வயிற்று வாயுவும் வேறு வேறு. உருளைக்கிழங்கும் வாழைக்காயும் சாப்பிட்டதால் முழங்காலில் குமிழ் சேராது. வயிறு உப்பினால் குறையுங்கள், மூட்டுக்காக விட வேண்டியதில்லை.

கால்சியம் குறைந்ததால் சத்தம் வருகிறதா?

இல்லை. கால்சியம் குறைந்தால் மூட்டில் சத்தம் வராது. சத்தத்துக்காக மாத்திரை வாங்க வேண்டாம்.

அப்படியானால் எப்போதுதான் பயப்பட வேண்டும்?

சத்தத்தின் கூட என்ன வருகிறது என்று பாருங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால், இதைப் படியுங்கள்.

சத்தத்தோடு அதே நொடியில் வலி குத்துகிறது. மூட்டு வீங்குகிறது: இரண்டு முழங்காலையும் பக்கத்தில் பக்கத்தில் நீட்டி வைத்துப் பார்த்தால், சில்லின் இரு பக்கமும் இருக்கும் சிறு பள்ளம் ஒரு முழங்காலில் மட்டும் நிரம்பியிருக்கும். மூட்டு பூட்டிக்கொள்கிறது: பாதி மடக்கிய நிலையில் நின்றுவிட்டு, அசைத்து அசைத்துத்தான் நீட்ட முடிகிறது. படி இறங்கும்போது கால் 'வழுக்' என்று மடங்கி விழப் பார்க்கிறது. காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல், அதுவும் இரண்டு கையின் சிறு மூட்டுகளிலும் சேர்ந்தாற்போல் நீடிக்கிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் ஓரிரு வாரத்துக்குள் எலும்பு மூட்டு மருத்துவரைப் பாருங்கள். காலை விறைப்பும் கைவீக்கமும் என்றால் வாதநோய் நிபுணர். முடக்குவாதத்துக்குச் சீக்கிரம் மருந்து தொடங்கினால் மூட்டு சிதையாமல் காப்பாற்றலாம், அதில் தாமதம் கூடாது.

அன்றைக்கே போக வேண்டிய நிலை வேறு. ஒரு மூட்டு திடீரென்று சிவந்து, சூடாகி, வீங்கி, தொடவே விடாமல் வலிக்கிறது, காய்ச்சலும் இருக்கிறது. மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம். சில நாளிலேயே குருத்தெலும்பை அரித்துவிடும். சர்க்கரை நோயாளிகளும், மூட்டில் ஊசி போட்டுக்கொண்டவர்களும் இதில் இரட்டிப்புக் கவனமாக இருங்கள். அது யூரிக் அமில வாதமாகவும் இருக்கலாம்தான், ஆனால் அதை மருத்துவர் நீரை எடுத்துச் சோதித்துச் சொல்லட்டும்.

கபடி ஆடும்போது முழங்காலில் 'டப்' என்று கேட்டது. நடக்க முடிகிறது. விட்டுவிடலாமா?

விடாதீர்கள். அடிபட்ட நொடியில் கேட்கும் சத்தம், இதுவரை சொன்ன எதோடும் சேராது. ஓடி வந்து சட்டென்று திரும்பும்போதோ, குதித்து இறங்கும்போதோ 'டப்' என்று கேட்டு, இரண்டு மூன்று மணி நேரத்தில் முழங்கால் பந்துபோல் வீங்கினால், உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது. முன்பக்கக் குறுக்கு நார், அதாவது ஏ.சி.எல்., அறுந்திருக்கும் வாய்ப்பு பெரிது. மறுநாள்தான் மெல்ல வீங்கியது என்றால், எலும்புகளுக்கு நடுவே மெத்தையாக இருக்கும் மெனிஸ்கஸ் கிழிந்திருக்குமோ என்று நினைக்க வேண்டும்.

முதல் 48 மணி நேரத்தில் செய்ய வேண்டியது: ஆட்டத்தை உடனே நிறுத்துங்கள். ஐஸைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வையுங்கள், இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை. கிரேப் பேண்டேஜைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். கால்விரல் மரத்துப்போனாலோ நீலம் பாய்ந்தாலோ அவிழ்த்துத் தளர்த்துங்கள். காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். சூடு ஒத்தடம் வேண்டாம், ரத்தக்கசிவு கூடும். சுளுக்கு எடுக்கிறேன் என்று யாரும் இழுத்து நீவ வேண்டாம். அரைகுறையாகக் கிழிந்தது முழுதாகக் கிழிவது அப்போதுதான்.

நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை, 90 டிகிரி மடக்க முடியவில்லை, சில்லைத் தொட்டாலே உயிர் போகிறது, அல்லது வயது 55 ஆகிவிட்டது என்றால் அன்றே எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

குதிகாலுக்கு மேலே 'டப்' என்றால் அது இன்னும் தந்திரமானது. பின்னாலிருந்து யாரோ உதைத்தது போல் இருக்கும், திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்கமாட்டார்கள். அந்த ஒற்றைக் காலில் விரல் நுனியில் நிற்க முடியாது. குதிநாண் அறுந்ததன் அடையாளம் அது. நடக்க முடிவதால் பலர் சுளுக்கு என்று நினைத்து நாளைக் கடத்துகிறார்கள். அன்றே காட்டுங்கள். சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் சாப்பிடுபவர்களுக்கு, அதுவும் 60 வயதுக்கு மேல் ஸ்டீராய்டும் எடுப்பவர்களுக்கு, இந்த நாண் பலவீனப்படும். மருந்து சாப்பிடும்போது குதிகால் வலித்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எம்.ஆர்.ஐ.யில் 'ஜவ்வு கிழிஞ்சிருக்கு' என்று வந்துவிட்டது. ஆபரேஷன்தானா?

'ஜவ்வு' என்று நம் ஊரில் இரண்டு மூன்று பொருளைச் சேர்த்துச் சொல்கிறோம். எலும்பைக் கட்டிப்போடும் நாரும் ஜவ்வு, எலும்புகளுக்கு நடுவே மெத்தையாக இருக்கும் மெனிஸ்கஸும் ஜவ்வு, எலும்பு முனையைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பும் ஜவ்வு. மூன்றுக்கும் வைத்தியம் வேறு. எது கிழிந்தது என்று பெயரைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

மெனிஸ்கஸ் என்றால், வயதைப் பாருங்கள். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாமில் 50 முதல் 90 வயது வரையுள்ளவர்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 2008இல் வெளியிட்டார்கள். கிழிசல் இருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய ஒரு மாதத்தில் வலியே இருக்கவில்லை. நரைத்த முடி மாதிரி, வயதோடு வரும் கிழிசல் அது. பூட்டிக்கொள்ளாத முழங்காலுக்கு, பெரும்பாலும் மூன்று மாத உடற்பயிற்சிதான் முதல் வைத்தியம். இளம் வயதில் அடிபட்டுக் கிழிந்து, கால் நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டால் அது வேறு. தைத்துக் காப்பாற்றக் காலம் முக்கியம்.

வலியில்லாத சத்தத்துக்காக எம்.ஆர்.ஐ. எடுக்கவே வேண்டாம். தேடிப்போனால் ஏதாவது கிடைக்கும், கிடைத்தது உறங்கவிடாது.

இடுப்பிலும் தோளிலும் கணுக்காலிலும் 'டொக் டொக்' என்கிறதே?

இவை பெரும்பாலும் நாண் தாண்டும் சத்தம். நடக்கும்போது இடுப்பின் வெளிப்பக்கம், பேன்ட் பாக்கெட் இருக்கும் இடத்தில், ஏதோ தாண்டுவது கைக்கே தெரியும். படுத்தபடி மடக்கிய காலை நீட்டும்போது தொடையிடுக்கில் ஆழத்தில் 'டொக்' என்றால் அது முன்பக்க இடுப்புத் தசையின் நாண். வலி இல்லையென்றால் விட்டுவிடலாம். வலித்தால் அந்தத் தசையை நீட்டும் பயிற்சியும் சில வார ஓய்வும். கணுக்காலின் வெளிமுட்டிக்குப் பின்னால் நாண் தாண்டி முன்னால் வருவது கண்ணுக்கே தெரிந்தால் மட்டும் காட்டுங்கள், நாணைப் பிடித்துவைக்கும் பட்டை கிழிந்திருக்கலாம். தோளில், கையைத் தூக்கும்போது சத்தத்தோடு வலுவும் குறைந்தால் காட்ட வேண்டும்.

சலூனில் கழுத்தை நெட்டி எடுத்தால் சுகமாக இருக்கிறது. கூடாதா?

கூடாது. தலைக்கு எண்ணெய் வைத்துப் பிடித்துவிடட்டும், தோளை அமுக்கட்டும். தாடையையும் பின்மண்டையையும் பிடித்துச் சடாரென்று திருப்ப மட்டும் விடாதீர்கள்.

கழுத்து எலும்புகளின் பக்கத் துளைகள் வழியாக இரண்டு ரத்தக்குழாய்கள் மூளையின் பின்பகுதிக்குப் போகின்றன. வேகமாகத் திருப்பும்போது அந்தக் குழாயின் உட்சுவர் கிழியலாம். கிழிந்த இடத்தில் கட்டும் ரத்தம் மூளைக்குப் போனால் பக்கவாதம். நடப்பது அபூர்வம்தான், ஆனால் நடந்தால் திரும்பப் பெற முடியாத இழப்பு. இளம் வயதினருக்கும் வரும்.

கழுத்தைத் திருப்பிய பிறகு, மணிக்கணக்கிலோ சில நாளிலோ, இதுவரை இல்லாத கழுத்துவலி அல்லது பின்மண்டை வலி, தலைசுற்றல், இரட்டைப் பார்வை, குழறல், முகம் கோணல், நடை தள்ளாட்டம் வந்தால் 108ஐ அழையுங்கள். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணி நேரம்தான் கெடு. கழுத்தைத் திருப்பியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

நீங்களாகக் கழுத்தை மெல்லச் சாய்க்கும்போது தானாக வரும் 'கறகற'வுக்குப் பயப்பட வேண்டாம். கை மரத்துப்போவதும் பிடி தளர்வதும் சேர்ந்தால் காட்டுங்கள்.

வாயைத் திறந்தால் காதருகே 'டக்' என்கிறது.

தாடை மூட்டிலுள்ள சிறு தட்டு இடம் நழுவி, வாய் திறக்கும்போது மறுபடி தன் இடத்துக்கு வருகிறது. வலி இல்லாவிட்டால் சிகிச்சை தேவையில்லை. உங்கள் மூன்று விரல்களை நெடுக்காக அடுக்கி முன்பற்களுக்கு இடையே வைத்துப் பாருங்கள்; நுழைந்தால் திறப்பு போதுமானது. முன்பு நுழைந்தது இப்போது நுழையவில்லை, கூடவே அந்த 'டக்' திடீரென்று நின்றுவிட்டது என்றால், தட்டு வழியில் சிக்கிக்கொண்டிருக்கிறது. சத்தம் நின்றால் நல்லது என்று நினைப்பவர்கள் இங்கே ஏமாந்துபோவார்கள். பல் மருத்துவரிடமோ முகத்தாடை அறுவை மருத்துவரிடமோ போங்கள். அதுவரை சீடை, கரும்பு, சூயிங்கம் வேண்டாம். கொட்டாவி விடும்போது மோவாயைக் கையால் தாங்கிக்கொள்ளுங்கள்.

கைக்குழந்தையைத் தூக்கினால் மூட்டில் சத்தம் வருகிறது.

அக்குளில் கைகொடுத்துத் தூக்கும்போது தோளிலும் முதுகிலும் வரும் சின்னச் சின்னச் சத்தம் இயல்பானது. குழந்தையின் நார்கள் தளர்வானவை.

இடுப்பு மட்டும் விதிவிலக்கு. டயபர் மாற்றும்போது இரு தொடையும் ஒரே அளவு விரியவில்லை, தொடை மடிப்புகள் இரண்டு பக்கமும் வேறுவேறாக இருக்கின்றன, ஒரு கால் குட்டையாகத் தெரிகிறது, அல்லது தொடையை விரிக்கும்போது ஏதோ குழிக்குள் 'தொம்' என்று போய் விழுவது கைக்குத் தெரிகிறது என்றால், இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் இருக்கலாம். பெண் குழந்தை, வயிற்றில் கால் கீழாக இருந்த குழந்தை, குடும்பத்தில் ஏற்கெனவே இருந்தது என்றால் கூடுதல் கவனம் தேவை. ஆறு வார வயதை ஒட்டி அல்ட்ராசவுண்ட் போதும். ஆறு மாதத்துக்குள் கண்டுபிடித்தால் பெரும்பாலும் வார்ப்பட்டை மாட்டியே சரிசெய்துவிடலாம். நடக்கத் தொடங்கி நொண்டும்போது கண்டுபிடித்தால் பெரிய அறுவைச் சிகிச்சை.

எண்ணெய்க் குளியலின்போது கால்களை நேராக இழுத்து நீவுவதையும், இரண்டு காலையும் சேர்த்து நேராக இறுக்கித் துணி சுற்றுவதையும் விட்டுவிடுங்கள். தவளைபோல் கால் அகன்று மடங்கியிருப்பதுதான் குழந்தையின் இடுப்புக்கு நல்லது. புடவைத் தூளியில் போடும்போதும் அப்படியே விடுங்கள்.

முழங்கால் சத்தத்துக்கு என்ன பயிற்சி?

பயிற்சி சத்தத்தை நிறுத்தும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. வலியைக் குறைக்கும், மூட்டைக் காக்கும். படி ஏறும்போது சில்லின் மேல் விழும் பாரம் உடல் எடையைப்போல் சுமார் மூன்று மடங்கு. அதைப் பகிர்ந்துகொள்ளத் தொடைத்தசைக்கு வலு வேண்டும்.

முதலாவது, காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழே அழுத்துங்கள். ஐந்து விநாடி, பத்து முறை.

இரண்டாவது, மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி ஊன்றி, மற்றதை நேராக ஓர் அடி உயரம் தூக்கி ஐந்து விநாடி நிறுத்தி, மெல்ல இறக்குங்கள். பத்து முறை, மூன்று சுற்று. மடக்கிய காலை ஊன்றாமல் செய்தால் இடுப்பு வலிக்கும். மூச்சைப் பிடித்தால் ரத்த அழுத்தம் ஏறும்.

மூன்றாவது, கைபிடிக்காமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, பத்து முறை. எழும்போது முழங்கால்கள் உள்பக்கம் சாயக்கூடாது. பாதிப் பேருக்குத் தவறுவது இங்கேதான், கண்ணாடி முன் செய்யுங்கள். சாய்ந்தால் இடுப்புத் தசை பலவீனம் என்று பொருள். ஒருக்களித்துப் படுத்து மேல்காலைப் பக்கவாட்டில் தூக்கும் பயிற்சியையும் சேருங்கள்.

வாரம் மூன்று நான்கு நாள், குறைந்தது ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம். பத்துக்கு மூன்று என்ற அளவு வலி பரவாயில்லை, மறுநாள் காலைக்குள் தணிந்துவிட்டால் சரி. தணியவில்லையா, எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், நிறுத்தாதீர்கள்.

எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடிக்கும் முழங்காலில் நான்கு கிலோ பாரம் குறைகிறது. தேய்மான வலி உள்ளவர்கள் சில காலம் சம்மணமும் இந்தியக் கழிவறையும் தவிர்த்தால் உதவும். வலி இல்லாதவர்கள் தரையில் உட்காருவதை விட வேண்டாம்.

ஆட்டுக்கால் சூப், முடக்கத்தான், குளுக்கோசமின், ஜெல் ஊசி?

ஆட்டுக்கால் சூப்பும் முடக்கத்தான் தோசையும் நல்ல உணவு, சாப்பிடுங்கள். சூப்பிலுள்ள கொழகொழப்பு நேரே முழங்காலுக்குப் போய்ச் சேர்வதில்லை, வயிற்றில் செரித்துவிடும். யூரிக் அமிலம் கூடியவர்கள் சூப்பை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள்.

மூட்டுக்கு என்று விற்கும் குளுக்கோசமின் மாத்திரையை 2006இல் அமெரிக்காவில் 1,583 பேரிடம் சோதித்தபோது, மொத்தத்தில் வெற்று மாத்திரையை விட மேலாக இல்லை. 2019இல் அமெரிக்க வாதநோய் மருத்துவர் சங்கம் முழங்கால் தேய்மானத்துக்கு அதை வேண்டாம் என்றே சொன்னது. மூட்டுக்குள் போடும் ஜெல் ஊசியையும் வழக்கமாகப் போட வேண்டாம் என்பதே அந்த வழிகாட்டுதல்களின் போக்கு. அந்தப் பணத்தை ஒரு நல்ல பிசியோதெரபிஸ்டிடம் நான்கு முறை போகச் செலவிடலாம்.

மூட்டு மாற்று அறுவை செய்த முழங்காலில் 'டக் டக்' என்கிறது.

உலோகமும் பிளாஸ்டிக்கும் தட்டிக்கொள்ளும் சத்தம். முதல் ஆண்டில் பலருக்கும் கேட்கும். மடக்கிய காலை நீட்டும்போது சில்லு சிக்கி 'தொம்' என்று விடுபட்டு வலித்தாலோ, கால் ஆடுவதாகத் தோன்றினாலோ, புதிதாக வீக்கமும் காய்ச்சலும் வந்தாலோ அறுவை செய்தவரிடமே போங்கள்.

மருத்துவரிடம் போகும்போது எதைச் சொல்ல வேண்டும்?

'சத்தம் வருது டாக்டர்' என்று மட்டும் சொன்னால் அங்கே வராது, அதுதான் வழக்கம். போகும் முன் செல்போனைச் சில்லிலிருந்து ஒரு சாண் தூரத்தில் பிடித்து, காலை மடக்கி நீட்டுவதை வீடியோ எடுங்கள். எந்தக் கோணத்தில் வருகிறது, வலி அதே நொடியிலா பிறகா, வீக்கம் எத்தனை மணி நேரம் கழித்து, பூட்டிக்கொண்டது எத்தனை முறை, காலை விறைப்பு எத்தனை நிமிடம் என்று ஒரு சீட்டில் எழுதுங்கள். சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். முழங்காலுக்குமேல் எளிதாகச் சுருட்டக்கூடிய உடையில் போங்கள். நின்றபடி எடுத்த எக்ஸ்ரேயில்தான் எலும்புகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி சரியாகத் தெரியும். எழுதிக்கொடுக்கும்போது 'நின்றபடியா' என்று கேட்டுக்கொள்ளுங்கள்.